உங்களுக்குத் தெரியுமா? கொட்டாவி விடும் நாய்க்குத் தூக்கம் வரவில்லை

★ கேரளத்தில் தீபாவளியைவிட விஷுவுக்குத்தான் பட்டாசு அதிகம். கொச்சி மட்டாஞ்சேரியில் குஜராத்திகளும் கொங்கணிகளும் தலைமுறைகளாக வாழ்வதால் அங்கே தீபாவளி வெடியும் உண்டு. டிசம்பர் 31 நள்ளிரவில் பக்கத்து ஃபோர்ட் கொச்சியில் பப்பாஞ்சி என்ற கிழவர் உருவப் பொம்மையைக் கொளுத்தும் ஆரவாரம் வேறு. போதாததற்கு ஐப்பசி மாலைகளின் இடி. வாயில்லா ஜீவன்களுக்கு வருஷம் முழுக்கச் சோதனைதான்.

★ மனிதக் காதுக்கு எட்டுவது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை. நாய்க்கு 45,000 வரை எட்டும். பூனைக்கு 80,000-ஐத் தாண்டியும் கேட்கும்.

★ பயந்த நாய் உடனே குரைப்பதில்லை. முதலில் கொட்டாவி விடும், தீனி எதுவும் இல்லாமலே உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கண்ணோரத்தில் வெள்ளை தெரியும். ஒரு முன்னங்காலை லேசாகத் தூக்கி நிற்கும். வெயில் இல்லாத நேரத்திலும் மூச்சிரைக்கும். குழந்தை கட்டிப்பிடிக்கும்போது நாய் இப்படிச் செய்தால் அது கொஞ்சல் அல்ல. குழந்தையை உடனே விலக்குங்கள்.

★ வாலாட்டினாலே சந்தோஷம் என்று நம்பாதீர்கள். இத்தாலியின் பாரி நகர ஆய்வாளர்கள் 30 நாய்களை வைத்துப் பார்த்து 2007-ல் வெளியிட்ட முடிவு: வளர்த்தவரைக் கண்டதும் வால் வலப்பக்கம் அதிகம் ஆடியது, முரட்டு அந்நிய நாயைக் கண்டபோது இடப்பக்கம் சாய்ந்தது. தெருவில் இதையெல்லாம் அளந்துகொண்டிருக்க முடியாது. விறைத்த உடம்பும் கால்களுக்கிடையே சொருகிய வாலும் போதும், எச்சரிக்கையாக இருக்க.

★ உறுமும் நாயை அடித்து அடக்கினால் பயம் போகாது, உறுமல்தான் போகும். அடுத்த முறை அது எச்சரிக்காமலே கடிக்கும். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

★ பூனையின் பயம் இன்னும் ரகசியமானது. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டின் பழைய குடோன்களில் மூட்டைகளுக்கு நடுவே அசையாமல் ஒடுங்கிக் கிடக்கும் பூனை நிம்மதியாகத் தூங்குகிறது என்று நினைக்கத் தோன்றும். அருகில் போகாமல் தள்ளி நின்றே கவனியுங்கள். கண்மணி விரிந்து, காதுகள் விமான இறக்கை போலப் பக்கவாட்டில் மடங்கி, வால் உடம்போடு ஒட்டியிருந்தால் அது நடுங்கிக்கொண்டிருக்கிறது. வீட்டுப் பூனையிடம் வேறு அடையாளங்களும் உண்டு: சாப்பாட்டைத் தொடாது, வயிற்று மயிர் கொட்டும்வரை நக்கும், மெத்தையில் சிறுநீர் கழிக்கும். திமிர் என்று திட்டுகிறோம். பெரிய அநியாயம் அது. கிருமி எதுவும் இல்லாமல், மன அழுத்தத்தாலேயே பூனையின் சிறுநீர்ப்பை வீங்கக்கூடும். ஆண் பூனை முக்கி முக்கிச் சிறுநீர் வராமல் தவித்தால் மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். அடைப்பு உயிரைப் பறித்துவிடும்.

★ பூனையை முறைத்துப் பார்த்தால் அது மிரளும். கண்ணைப் பாதி மூடி மெல்லச் சிமிட்டிக் காட்டினால் அதுவும் சிமிட்டும், பல சமயம் கிட்டேயும் வரும். பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு 2020-ல் இதை உறுதிசெய்தது.

★ ‘பயப்படும்போது தடவிக்கொடுத்தால் பயம் வளரும்’ என்பது தவறு. தேடி வந்து ஒட்டிக்கொண்டால் தாராளமாகத் தடவுங்கள். கட்டிலுக்கடியில் பதுங்கினால் இழுக்காமல் விடுங்கள். வெடி நாளில் இருட்டுமுன் நாயை வெளியே கூட்டிப்போய் வந்து, ஜன்னலைச் சாத்தி, டி.வி.யை ஓடவிடுங்கள். நமக்கான தூக்க மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. சில மயக்க மருந்துகள் உடம்பை மட்டும் கட்டிப்போடும். பயம் உள்ளே அப்படியே இருக்கும். எது சரி என்பதைக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

★ மிரண்ட பூனை வண்டியின் என்ஜினுக்குள்ளும் நுழைந்துகொள்ளும். விஷு மறுநாள் காலை காரையோ சரக்கு ஆட்டோவையோ கிளப்புமுன் மூடியைப் பலமாக இரண்டு தட்டு தட்டி, அடியில் குனிந்து பார்த்துவிட்டுச் சாவியைத் திருகுங்கள்.