கணிப்பொறிக்கும் கடைமடை உண்டு

ஏரி நிறைந்திருக்கிறது. மதகும் திறந்திருக்கிறது. ஆனால் கடைமடை வயல் காய்கிறது. உத்திரமேரூர் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த எவரும் இதற்குக் காரணத்தை உடனே சொல்லிவிடுவார்: வாய்க்கால் எங்கோ தூர்ந்துகிடக்கிறது. அந்த இடத்தில் விநாடிக்கு 10 லிட்டர் நீர்தான் போகும் என்றால், மதகை எவ்வளவு அகலப்படுத்தினாலும் கடைமடைக்கு 10 லிட்டருக்கு மேல் வராது.

விளையாட்டுக்கென்று முதன்முதலாகக் கணிப்பொறி வாங்குகிறவர்கள் இந்த உண்மையை மறந்துவிடுவதால்தான் பணத்தை வீணாக்குகிறார்கள்.

திருப்புலிவனத்தில் இருசக்கர வாகனங்களைப் பழுதுபார்க்கும் என் நண்பர் ஒருவர், சீட்டு எடுத்த 50,000 ரூபாயுடன் அண்மையில் என்னிடம் வந்தார். கணிப்பொறியில் பந்தயக் கார் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஒரு கடையில் எழுதி வாங்கிய பட்டியல் அவர் கையில் இருந்தது. விலை உயர்ந்த செயலி, வண்ண விளக்குகள் மின்னும் கண்ணாடிப் பெட்டி, மிகச் சிறிய கிராபிக்ஸ் கார்டு ஆகியவை அதில் இருந்தன. மின்சாரம் தரும் கருவியைப் பற்றி, "எஸ்.எம்.பி.எஸ்., 450 வாட்" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை.

"இதையே வாங்கிடலாமா சார்? இந்தப் பணம் போனா அடுத்த சீட்டு எடுக்க ரெண்டு வருஷம் ஆகும்" என்றார்.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

திரையிலிருந்து தொடங்குங்கள்

எவ்வளவு நீர் தேவை என்பதை வயலின் பரப்பு முடிவு செய்கிறது. கணிப்பொறிக்கு எவ்வளவு வேலை என்பதைத் திரை முடிவு செய்கிறது. இன்று பரவலாகக் கிடைக்கும் திரையில் குறுக்காக 1,920 புள்ளிகளும் நெடுக்காக 1,080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கிப் பாருங்கள்: 20,73,600 புள்ளிகள். அசைவு சீராகத் தெரிய விநாடிக்கு 60 படங்கள் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு விநாடியும் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும்! 3,840-க்கு 2,160 என்ற பெரிய திரையானால் புள்ளிகள் நான்கு மடங்கு. வேலையும் ஏறத்தாழ அந்த அளவுக்குப் பெருகும்.

ஆகவே முதல் கேள்வி, "எந்தச் செயலி வாங்குவது?" என்பதாக இருக்கக் கூடாது. "எந்தத் திரையில், எந்த விளையாட்டை ஆடப்போகிறேன்?" என்பதே முதல் கேள்வி. குறைந்த பணத்தில் தொடங்குகிறவருக்கு 1,920-க்கு 1,080 திரையே போதும்.

இரண்டு வகை உழைப்பாளிகள்

இந்த வேலையைச் செயலியும் கிராபிக்ஸ் கார்டும் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டும் சிலிக்கான் சில்லுகளே. ஆனால் அவை வேலை செய்யும் முறை வேறு.

நடவு நாளை நினைத்துப் பாருங்கள். எந்த வயலில் முதலில் நடுவது, எங்கே நாற்று குறைகிறது, எப்போது நீரை நிறுத்துவது என்று ஒன்றன்பின் ஒன்றாக முடிவெடுப்பவர் ஒருவரோ இருவரோதான். வரிசையாக நின்று நாற்று நடுபவர்களோ பலர். ஒவ்வொருவரும் செய்வது எளிய வேலை. எல்லாரும் ஒரே நேரத்தில் செய்வதால் வயல் நிறைகிறது. கார் எங்கே திரும்பியது, எதில் மோதியது, எதிராளி என்ன செய்வான் என்று கணிப்பது செயலி. அதற்கேற்ப லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு ஒரே சமயத்தில் நிறம் தருவது கிராபிக்ஸ் கார்டு. செயலியில் ஆற்றல் மிக்க கருக்கள் நான்கு, ஆறு, எட்டு என்ற கணக்கில் இருக்கும். கார்டில் எளிய கணக்கிடும் அலகுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும்.

ஒரு சிறு கணக்கு

விநாடிக்கு 60 படங்கள் என்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் காலம் 1,000-ஐ 60-ஆல் வகுத்தால் வருவது, ஏறத்தாழ 16.7 மில்லி விநாடி. கார்டு ஒரு படத்தை வரைந்துகொண்டிருக்கும்போதே, செயலி அடுத்த படத்துக்கான கணக்கைத் தொடங்கிவிடும். எனவே இரண்டில் எது மெதுவானதோ அதுவே இறுதி வேகத்தை நிர்ணயிக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. செயலிக்கு ஒரு படத்துக்கு 8 மில்லி விநாடியும் கார்டுக்கு 20 மில்லி விநாடியும் ஆவதாகக் கொள்வோம். செயலியால் விநாடிக்கு 125 படங்களுக்குக் கணக்குத் தர முடியும். கார்டால் 50 படங்களையே வரைய முடியும். திரைக்கு வருவது 50 தான். இப்போது கூடுதல் விலை கொடுத்து இரு மடங்கு வேகமுள்ள செயலியை வாங்குகிறீர்கள். 8 என்பது 4 ஆகிறது. திரைக்கு வருவது எத்தனை? அதே 50! கொடுத்த பணம் முழுவதும் மதகை அகலப்படுத்தவே போயிற்று. தூர்ந்த வாய்க்கால் அப்படியே இருக்கிறது.

இதைக் கேட்ட நண்பர் சிரித்தார். "கார்புரேட்டர் அடைச்சிருந்தா எஞ்சினை மாத்தி என்ன சார் பிரயோஜனம்?" என்றார். பாடம் அவருக்குப் புரிந்துவிட்டது.

ஏற்கெனவே கணிப்பொறி வைத்திருப்பவர்கள் இதனைச் சோதனை செய்தே அறியலாம். விளையாட்டின் அமைப்புப் பகுதிக்குச் சென்று திரைப் புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். படங்களின் வேகம் கூடினால் குறுகலான இடம் கார்டு. ஏறக்குறைய மாறாமல் இருந்தால் பெரும்பாலும் அது செயலி. எதை மாற்றவேண்டும் என்பதைக் கணிப்பொறியே சொல்லிவிடும்.

பெரும்பாலான விளையாட்டுகளில் குறுகலான இடம் கார்டாகவே இருக்கிறது. ஆதலால் பணத்தில் பெரும் பங்கு அதற்கே போகவேண்டும். பெட்டிக்குள் இருப்பவற்றுக்கான செலவில் மூன்றில் ஒரு பங்கையோ அதற்குச் சற்று மேலோ கார்டுக்கு ஒதுக்குவது தவறாகாது.

நினைவகமும் சேமிப்பகமும்

நினைவகத்தை 16 ஜிகாபைட் அளவில் ஒரே துண்டாக வாங்குவதா, 8 ஜிகாபைட் துண்டுகள் இரண்டாக வாங்குவதா? அளவு ஒன்றுதான், ஆனால் பாதை வேறு. டி.டி.ஆர்.4 வகையில் 3200 என்று குறித்த ஒரு துண்டு, விநாடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிகாபைட் செய்தியைக் கடத்தும். இரண்டு துண்டுகளை உரிய இடங்களில் பொருத்தினால் பாதைகள் இரண்டாகி 51.2 ஜிகாபைட் ஆகும். செயலிக்குள்ளேயே கிராபிக்ஸ் பகுதி அடங்கிய வகையை வாங்குவோருக்கு இது மிக முக்கியம். அந்தப் பகுதிக்குத் தனி நினைவகம் கிடையாது. இதே வாய்க்காலில்தான் அதுவும் நீர் எடுக்கவேண்டும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். 2025-ஆம் ஆண்டின் இறுதியில் நினைவகத்தின் விலை கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் சில்லுகளைப் பெருமளவில் வாங்கியது இதற்கு முக்கியக் காரணம். ஆகவே பழைய விலைப்பட்டியலை நம்பிக் கிளம்பாதீர்கள்.

சேமிப்பகத்தில், சுழலும் வன்தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. வேண்டிய இடம் ஊசிமுனைக்குக் கீழே வந்துசேர, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். எஸ்.எஸ்.டி. எனப்படும் சேமிப்பகத்தில் சுழலும் பகுதியே இல்லை. விநாடிக்கு வரும் படங்களை அது பெரிதாகக் கூட்டாது என்றாலும், விளையாட்டு திறக்கக் காத்திருக்கும் நேரத்தை வெகுவாகக் குறைக்கும். சிறியதானாலும் ஒன்று வாங்குங்கள்.

யாரும் கேட்காத கேள்வி

இனி, நண்பரின் பட்டியலில் பெயரில்லாமல் இருந்த மின்வழங்கிக்கு வருவோம். கடையில் எஸ்.எம்.பி.எஸ். என்று கேட்டால் தருவார்கள். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 12 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றுவது இதன் முதன்மை வேலை.

எவ்வளவு வேண்டும்? கணக்கிடலாம். 2021-இல் வெளிவந்த ரேடியான் ஆர்.எக்ஸ். 6600 என்ற கார்டுக்குக் குறிப்பிடப்பட்ட திறன் 132 வாட். நடுத்தரச் செயலி ஒன்றுக்கு 76 வாட் என்று கொள்வோம். தாய்ப்பலகை, நினைவகம், விசிறிகள் எல்லாவற்றுக்கும் சுமார் 50 வாட். மொத்தம் ஏறத்தாழ 260 வாட். திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். 260-ஐ 12-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 22 ஆம்பியர்! ஆயிரம் வாட் இஸ்திரிப்பெட்டி சுவரிலிருந்து எடுப்பது 4.3 ஆம்பியர்தான். இந்தச் சிறு பெட்டிக்குள் அதைப்போல் ஐந்து மடங்கு மின்னோட்டம் பாய்கிறது. இணைப்புகளில் நூறில் ஒரு பங்கு ஓம் மின்தடை இருந்தாலும் அங்கே 5 வாட் அளவுக்கு வெப்பம் உண்டாகும். பிளாஸ்டிக் இளகுவது இப்படித்தான்.

பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்ட வாட் எண்ணை நம்பாதீர்கள். பக்கத்தில் ஒட்டியுள்ள அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். நண்பருக்குக் காட்டப்பட்ட 450 வாட் கருவியில் அந்த எண் 16. பெருக்கினால் 192 வாட். நம் தேவையோ 260! கார்டு முழு வேகத்தில் ஓடும் நேரத்தில் கணிப்பொறி திடீரென்று அணையும். பாதுகாப்புச் சுற்றுகளும் இல்லாத கருவியானால், தான் கெடும்போது தாய்ப்பலகையையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

80 பிளஸ் என்ற சான்று 2004 முதல் வழக்கில் உள்ளது. ஐந்தில் ஒரு பங்கு, பாதி, முழுமை என்ற மூன்று சுமைகளிலும் கருவி 80 சதவீதத்துக்குக் குறையாத பயனுறுதிறனுடன் இயங்கவேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. இந்தச் சான்றும் பி.ஐ.எஸ். பதிவு எண்ணும் உள்ள, பெயர் பெற்ற நிறுவனத்தின் 500 வாட் அளவிலான கருவி நம் எடுத்துக்காட்டுக்குப் பொருந்தும்.

வெப்பம் எங்கே போகும்?

80 சதவீதப் பயனுறுதிறனில் 260 வாட் பெற, சுவரிலிருந்து 325 வாட் எடுக்கவேண்டும். இந்த 325 வாட்டும் கடைசியில் வெப்பமாகவே மாறுகிறது. நாள்தோறும் மூன்று மணி நேரம் ஆடினால் மாதத்துக்கு 29 யூனிட். உள்ளே புகும் காற்று 10 பாகை மட்டுமே சூடேறி வெளியேற வேண்டுமானால், விநாடிக்குச் சுமார் 28 லிட்டர் காற்று பெட்டியின் வழியே பாயவேண்டும். ஏறத்தாழ இரண்டு குடம். முன்பக்கம் கண்ணாடியால் மூடிய பெட்டியில் இந்தக் காற்று எந்த வழியே நுழையும்? சித்திரை வெயிலில் நம் வீட்டு அறையே 38 பாகையில் இருக்கும். எனவே முன்புறம் வலையும், தூசியைத் தடுக்கும் வடிகட்டியும், இரண்டு விசிறிகளும் உள்ள எளிய பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். வண்ண விளக்குகள் எந்தப் படத்தையும் வேகமாக வரைவதில்லை.

வீட்டு மின்சாரத்தையும் பாருங்கள்

பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் கிராமத்தில் மின்னழுத்தம் தாழ்வது உண்டு. அப்போது குண்டு பல்பு மங்கும். அது எடுக்கும் மின்னோட்டமும் குறையும். எஸ்.எம்.பி.எஸ். இதற்கு நேர்மாறானது. வேண்டிய திறனை எப்படியும் பெற முயல்வதால், 230 வோல்ட்டில் 1.4 ஆம்பியர் எடுத்தது 170 வோல்ட்டில் 1.9 ஆம்பியர் எடுக்கும். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்று குறிப்பிட்ட கருவியே நம் ஊருக்கு ஏற்றது.

கடைசியாக, எர்த். கணிப்பொறிப் பெட்டியைத் தொட்டதும் 'ஜிவ்'வென்று இழுக்கிறதா? மின்வழங்கியின் வடிகட்டியில் உள்ள சிறு மின்தேக்கிகள் மின்கம்பிகளையும் பெட்டியின் உலோகத்தையும் இணைக்கின்றன. எர்த் இருந்தால் அந்தச் சிறு மின்னோட்டம் மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் பெட்டி ஏறத்தாழ 115 வோல்ட்டில் நிற்கும்; தொடுபவர் வழியே மின்னோட்டம் கசியும். அந்த இழுப்பு சிறியதுதான். ஆனால் வேறொரு பழுதால் உலோகத்தில் முழு 230 வோல்ட் பாய்ந்தால், காப்பாற்ற எர்த் இல்லை என்பதற்கான எச்சரிக்கை அது. மூன்று முனைப் பிளக்கின் மூன்றாவது துளைக்குப் பின்னால் உண்மையிலேயே கம்பி இருக்கிறதா என்று மின்பணியாளரைக் கொண்டு முதலில் பார்த்துவிடுங்கள்.

ரிச்சி தெருவில்

நண்பரும் நானும் ஒருநாள் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போனோம். முன்பு வானொலி உதிரிப் பாகங்களுக்குப் பெயர் பெற்றிருந்த தெரு, இன்று கணிப்பொறிப் பாகங்களுக்கும் பெயர் பெற்றது. அன்றைய விலையில் திரையும் நல்ல கார்டும் மற்றவையும் சேர்ந்து 50,000-க்குள் அடங்கவில்லை. எனவே வேறு வழி எடுத்தோம். உள்ளேயே கிராபிக்ஸ் பகுதி கொண்ட ரைசன் 5 5600ஜி செயலி, 8 ஜிகாபைட் நினைவகம் இரண்டு, எஸ்.எஸ்.டி., திரை, காற்றோட்டமுள்ள பெட்டி ஆகியவற்றை வாங்கினோம். மின்வழங்கியை மட்டும் இன்றைய தேவைக்கு வாங்கவில்லை. நாளை வரப்போகும் கார்டையும் கணக்கில் சேர்த்து 550 வாட்டில் வாங்கினோம். எல்லாவற்றுக்கும் பில்லும் உத்தரவாதச் சீட்டும் கேட்டுப் பெற்றோம். பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறோம் என்றார்கள். ஒரு பாகம் பழுதானால் அந்தக் காகிதம்தான் பேசும் என்பதால் மறுத்துவிட்டோம்.

நண்பரின் பந்தயக் கார் இப்போது ஓடுகிறது. படத்தின் நுணுக்கத்தைக் குறைத்து வைத்துத்தான் ஆடுகிறார். கார்டு அடுத்த சீட்டில் வரும். அது வரும் நாளில் வேறு எந்தப் பாகத்தையும் கழற்றி எறிய வேண்டியிருக்காது. வாய்க்கால் முன்பே வெட்டிவைத்தாயிற்று.

நீங்கள் கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: என் திரை எது? என் விளையாட்டு எது? இந்தப் பட்டியலில் குறுகலான இடம் எது? 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர்? காற்று எந்த வழியே நுழைந்து எந்த வழியே வெளியேறும்? வீட்டில் எர்த் இருக்கிறதா? இந்த ஆறுக்கும் விடை தெரிந்த பிறகு பணப்பையைத் திறங்கள்.