முதுகைக் கொடுக்குமுன் கேளுங்கள்

மலேசியாவின் பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் முடியும் நேரத்தில் தொழிற்சாலைப் பஸ்களைப் பாருங்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்தவர்கள் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையை இடுப்பில் ஊன்றிப் படியேறுவார்கள். 1972-இல் இங்கே தடையற்ற வர்த்தக மண்டலம் தொடங்கியது. மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பிடித்துப்போன கழுத்தும் நின்றே கடுத்த இடுப்பும் அன்றிலிருந்தே இவ்வட்டாரத்துக்குப் பழகிய வலிகள். முன்பெல்லாம் சுளுக்கு எடுப்பவரைத் தேடிப் போனோம். இப்போது பலர் கைரோபிராக்டிக் நிலையத்துக்குப் போகிறார்கள். முதல்முறை போகிறவர்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

இது என்ன சிகிச்சை?

1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பால்மர் தொடங்கிய முறை இது. கையால் செய்வது என்பதே இந்தக் கிரேக்கப் பெயரின் பொருள். முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் அழுத்தி, அசைத்து, இயக்கத்தைச் சீராக்கப் பார்ப்பார்கள். மருந்தும் அறுவை சிகிச்சையும் இதில் இல்லை.

மலேசியாவில் 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின்கீழ் இது அங்கீகரிக்கப்பட்ட துறை. கோலாலம்பூரில் ஐ.எம்.யு. பல்கலைக்கழகம் (முன்பு அனைத்துலக மருத்துவப் பல்கலைக்கழகம்) இதைப் பட்டப்படிப்பாகவே கற்பிக்கிறது. ஆகவே, சிகிச்சை தருபவர் எங்கே படித்தார், முறையாகப் பதிவு பெற்றவரா என்று முதலிலேயே கேளுங்கள்.

முதல் நாள் என்ன நடக்கும்?

நல்ல நிபுணர் கை வைக்குமுன் வாயால் விசாரிப்பார். வலி எப்போது தொடங்கியது, காலுக்கு இறங்குகிறதா, விழுந்தீர்களா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார். குனியச் சொல்வார், திரும்பச் சொல்வார். கால் பலத்தையும் உணர்ச்சியையும் சோதிப்பார். எல்லாருக்கும் எக்ஸ்ரே தேவைப்படாது.

பிறகு, முகம் வைக்கத் திறப்புள்ள மேசையில் குப்புறப் படுக்க வைப்பார். இடுப்புக்கு என்றால் பக்கவாட்டில் படுக்க வைத்து, மேல் முழங்காலை மடக்கி, தோளைப் பிடித்துக்கொண்டு ஒரே விசையில் சட்டென்று அழுத்துவார். ‘டக்’ என்று சத்தம் கேட்கலாம். எலும்பு உடைந்ததோ, விலகியது கூடியதோ என்று நினைக்க வேண்டாம். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் மாறி வாயுக்குமிழ் உண்டாகும் ஒலி அது. விரலில் சொடக்கு எடுப்பதைப் போன்றதுதான். சத்தம் வராவிட்டால் சிகிச்சை பலிக்கவில்லை என்றும் அர்த்தமில்லை. அன்றோ மறுநாளோ அந்த இடம் சற்று வலிக்கலாம். பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும்.

முதலில் மருத்துவரிடம் போக வேண்டியவர்கள்

- சிறுநீர், மலம் கட்டுப்படாதவர்கள், சிறுநீர் கழிக்க முடியாதவர்கள், தொடை இடுக்கு மரத்துப்போனவர்கள். இது அவசரநிலை, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.
- கை, கால் பலம் குறைந்துவருபவர்கள்.
- காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ உள்ளவர்கள், முன்பு புற்றுநோய் கண்டவர்கள்.
- எலும்பு மெலிவு நோய் உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள், அண்மையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர்கள்.

கழுத்தை வேகமாகத் திருப்பும் முறையில் கூடுதல் கவனம் வேண்டும். அபூர்வமாக, கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் ஏற்பட்டதும் உண்டு. பயமாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மென்மையான முறைகளும் இருக்கின்றன. சிகிச்சைக்குப் பிறகு கடும் தலைவலி, தலைசுற்றல், பேச்சுக் குளறல், முகம் கோணல் வந்தால் 999-ஐ அழையுங்கள்.

எதை எதிர்பார்க்கலாம்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-இல் உலகில் 61.9 கோடி பேருக்கு இடுப்புவலி இருந்தது. நாள்பட்ட இடுப்புவலிக்காக அது 2023-இல் வெளியிட்ட வழிகாட்டியில் முதுகெலும்பைக் கையால் அசைக்கும் சிகிச்சைக்கும் இடமுண்டு. அதே வழிகாட்டி உடற்பயிற்சியையும் சொல்கிறது. ஆகவே வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியைச் சொல்லித்தராமல் மேசையில் மட்டும் படுக்க வைப்பது அரைகுறைச் சிகிச்சை. நீரிழிவு, ரத்த அழுத்தம், ஆஸ்துமா எல்லாம் இதில் தீரும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், மருந்தையும் நிறுத்தாதீர்கள்.

முதல் நாளே பல மாதத்துக்கான பேக்கேஜுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். எத்தனை முறை வர வேண்டும், எப்போது முன்னேற்றம் தெரியும், தெரியாவிட்டால் அடுத்து என்ன என்று கேளுங்கள். சில வாரங்களில் குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான் கட்டணம்.

கேட்பது மரியாதைக்குறைவு அல்ல

வெள்ளைக் கோட்டைக் கண்டதும் “சரிங்க டாக்டர்” என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து சந்தேகப்படுவது நம்மவர்களின் பழக்கம். சாப்பிடும் மருந்துகளையும் கேட்க நினைக்கும் கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். நைட் ஷிப்ட் முடிந்த களைப்பில் மறந்துபோகும். அம்மாவை அழைத்துப் போனால், அவர் தயங்கும் கேள்வியை நீங்கள் கேளுங்கள். பதில் சொல்லப் பொறுமை உள்ளவரிடம் மட்டும் முதுகைக் கொடுங்கள்.