எழுத மறுக்கும் வன்தட்டு

வீட்டுக் கணினியில் ஒரு கோப்பைச் சேமிக்கும்போது தரவை எழுத இயலவில்லை என்ற எச்சரிக்கை தோன்றினால், அதை மென்பொருளின் தற்காலிகத் தடுமாற்றமாக எண்ணி, மீண்டும் மீண்டும் சேமித்துப் பார்ப்பதே பலரின் வழக்கம். ஆனால் ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டு தன் சிறு குறைகளைத் தானே சரிசெய்துகொள்ளும் கருவியாதலால், அது வெளிப்படையாக எழுத மறுப்பதைப் பொருட்படுத்தாமல் விடுவது தவறு.

வன்தட்டுக்குள் காந்தப்பூச்சு கொண்ட வட்டத் தகடுகள், மேசைக் கணினிகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல, அவற்றுக்குச் சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடி ‘ஹெட்’ என்னும் நுண்முனை தரவை எழுதவும் படிக்கவும் செய்கிறது. தகட்டின் பரப்பு ‘செக்டர்’ எனப்படும் சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பழைய வன்தட்டுகளில் ஒரு செக்டர் 512 பைட் கொள்ளும், புதியவற்றில் 4096 பைட். ஒரு செக்டர் பழுதானால் அதற்கு ஈடாகத் தயாராக வைக்கப்பட்டுள்ள உபரிச் செக்டர் ஒன்றை வன்தட்டே பயன்படுத்திக்கொள்வதால், இம்மாற்றம் பயனருக்குத் தெரிவதில்லை. எனவே எழுதும் பிழை கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வருகிறதென்றால், உபரிப் பகுதி தீர்ந்திருக்கலாம், ஹெட் பழுதாகியிருக்கலாம், அல்லது தரவு வந்து சேரும் வழியான கேபிளிலோ மின்வழங்கியிலோ கோளாறு இருக்கலாம்.

காரணத்தைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டியது, இன்றியமையாத கோப்புகளை வேறொரு வட்டுக்குப் படியெடுப்பதே. விண்டோஸில் உள்ள ‘செக்டிஸ்க்’ கருவியை முதல் வேலையாக இயக்குவது பரவலான பழக்கம். அதன் முழுச் சோதனை வட்டு முழுவதையும் படித்து, கோப்பு அமைப்பையும் திருத்தி எழுதுவதால், சாகும் நிலையிலுள்ள வன்தட்டில் அது மீட்கக்கூடிய தரவையும் மீட்க முடியாததாக்கிவிடக்கூடும். டிக் டிக் என்ற ஒலி தொடர்ந்து கேட்டால் படியெடுக்கவும் முயலாமல் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தரவு மீட்பு வல்லுநரிடம் ஒப்படைப்பதே பாதுகாப்பானது.

எளிய காரணங்களையும் விலக்கிப் பார்க்க வேண்டும். வட்டில் இடம் நிறைந்திருக்கலாம். அது ஃபேட்32 முறையில் அமைக்கப்பட்டிருந்தால் 4 ஜிபி அளவை எட்டும் தனிக் கோப்பை அது ஏற்காது.

இவை இல்லையெனில், வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே பதிவுசெய்யும் ‘ஸ்மார்ட்’ குறிப்பேட்டை, கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளால் பார்க்கலாம். அதில் 5ஆம் எண் இதுவரை மாற்றப்பட்ட செக்டர்களையும், 197ஆம் எண் படிக்க இயலாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்களையும் காட்டும். 199ஆம் எண்ணோ கேபிள் வழியே செல்லும்போது சிதைந்த தரவின் எண்ணிக்கை. இது ஒருபோதும் குறையாது என்பதால், இருக்கும் மதிப்பைக் குறித்துக்கொண்டு, சாட்டா கேபிளை மாற்றி, சில நாள் கழித்து அது ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏறாமல் நின்று, பிழையும் மறைந்தால், சில நூறு ரூபாய் கேபிளோடு சிக்கல் முடிந்தது. நல்ல வன்தட்டைக் குப்பையில் போடாமல் காக்கும் இந்தச் சோதனையைத் தவறவிடுவது பெரும் இழப்பு. கேபிளை மாற்றியும் பிழை தொடர்ந்தால் மின்வழங்கியை ஐயுற வேண்டும். மோட்டாரைச் சுழற்றும் 12 வோல்ட் தளரும்போது வன்தட்டு நின்று நின்று மீண்டும் தொடங்கும் ஒலி கேட்கும்.

ஸ்மார்ட் குறிப்பேடு நலம் என்று சொன்னாலும் அதை முழுதாக நம்பிவிட இயலாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து கூகுள் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட கட்டுரையின்படி, பரப்புச் சோதனையில் முதல் பிழையைக் காட்டிய வன்தட்டு அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழையற்றதைவிட 39 மடங்கு அதிகம். ஆயினும் செயலிழந்தவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் குறிகளில் ஒன்றையும் காட்டவில்லை.

தரவு முழுவதும் வேறிடத்தில் பத்திரமான பிறகு, விரைவு முறையைத் தவிர்த்து முழு ஃபார்மட் செய்தால், விஸ்டாவுக்குப் பிந்தைய விண்டோஸ் அப்பகுதி முழுவதும் சுழியங்களை எழுதுவதால், காத்திருக்கும் செக்டர்களுக்கு வன்தட்டு தீர்ப்பளித்தாக வேண்டும். 197 சுழியமாகி 5ஆம் எண் அப்படியே நின்றால், எழுதும் நடுவே மின்சாரம் போனதால் நேர்ந்த அரைகுறைப் பதிவாக அது இருந்திருக்கலாம்; முக்கியமற்ற கோப்புகளுக்கு அந்த வன்தட்டைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். 5ஆம் எண் ஏறிக்கொண்டே போனால் அதைக் கழற்றிவிட வேண்டும்.