வண்டி மாடுகளும் பாரமும்

சேலம், நாமக்கல் சமவெளியில் தார்ச்சாலையும் லாரியும் பெருகுவதற்கு முன்பு, விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டு சேர்த்தது மாட்டு வண்டியே. நிலக்கடலை, பருத்தி, வெல்லம், மரவள்ளிக் கிழங்கு எல்லாம் பார வண்டியில்தான் போயின. வெயில் ஏறும் முன்பே போய்ச் சேர வேண்டுமென்று வண்டிகள் இரவிலேயே வரிசையாகக் கிளம்பும். அடியில் ராந்தல் விளக்கு தொங்கும். வழி பழகிய மாடுகள் ஓட்டுபவர் கண்ணயர்ந்தாலும் தாமே நடக்கும். காவிரிக் கரை ஊர்களில் ஆற்றைக் கடக்கப் பரிசல் உதவியது. கொல்லிமலை மக்கள் தங்கள் விளைபொருளைத் தலைச்சுமையாக அடிவாரத்துக்கு இறக்கினார்கள்.

வண்டியை நம்பிப் பல தொழில்கள் நடந்தன. தச்சர் குடமும் ஆரக்காலும் செய்தார். கொல்லர் இரும்புப் பட்டையைக் காய்ச்சி, சூட்டோடு சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார். பட்டை சுருங்கிச் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். லாடம் கட்டுபவருக்கும் ஆண்டு முழுவதும் வேலை இருந்தது.

இன்று நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்கள் லாரித் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. ஆனாலும் தொழு உரத்தை வயலுக்குக் கொண்டு செல்லவும், குறுகிய வண்டித்தடத்தில் தீவனம் எடுத்து வரவும் சிறு விவசாயிக்கு வண்டி உதவுகிறது. டீசல் செலவு இல்லை. சாணமும் நிலத்துக்கே திரும்புகிறது. ஆனால் ஜோடியில் ஒரு மாடு படுத்துவிட்டால் உழவும் வண்டியும் சேர்ந்தே நின்றுவிடும். ஆகவே பார விஷயத்தில் கவனம் தேவை.

எவ்வளவு பாரம் ஏற்றலாம்?

பார மாடுகளுக்கான மத்திய அரசு விதிகள் 1965-ஆம் ஆண்டு வகுக்கப்பட்டன. இதன்படி 200 முதல் 350 கிலோ வரை எடையுள்ள நடுத்தர மாடு ஒன்றுக்கு, இரு சக்கர வண்டியில், டயர் இல்லாத சக்கரமானால் 700 கிலோவும், காற்றடைத்த டயரானால் 1,050 கிலோவும் உச்ச வரம்பு. ஜோடி மாடுகளுக்கு இது இரட்டிப்பாகும். வண்டியின் எடையும் இதில் அடங்கும் என்பதை மறக்கக் கூடாது.

வண்டியின் எடை 400 கிலோ என்று கொள்வோம். டயர் வண்டியில் ஜோடிக்கு 2,100 கிலோ வரம்பு. வண்டியைக் கழித்தால் 1,700 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை 34 ஏற்றலாம். பட்டைச் சக்கர வண்டியில் 1,400 கிலோவில் 400 போக 1,000 கிலோ, அதாவது 20 மூட்டைதான். ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத ஏற்றத்தில், 30 மீட்டருக்கு 3 மீட்டருக்கு மேல் தரை உயர்ந்தால், வரம்பு பாதியாகிவிடும்.

நாள் ஒன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் மாட்டை வேலை வாங்கக் கூடாது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓய்வின்றி ஓட்டக் கூடாது. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாளில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை வண்டி பூட்டக் கூடாது. சித்திரை, வைகாசி வெயிலில் இது நம் பகுதிக்கு மிகவும் பொருந்தும். பழைய இராப் பயணத்தின் பொருளும் இதுவே.

கவனிக்க வேண்டியவை

பாரம் முன்பக்கம் அதிகமானால் எடை முழுவதும் கழுத்தில் அழுந்தும். பின்பக்கம் அதிகமானால் நுகத்தடி மேலெழும்பி, பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். எனவே மூட்டைகளை அச்சுக்கு இருபுறமும் சமமாக அடுக்க வேண்டும். மாடு பூட்டும் முன் நுகத்தடியைத் தூக்கிப் பார்த்தால், சிறிதளவு பாரம் மட்டும் கையில் தெரிய வேண்டும்.

நுகத்தடி கழுத்தில் படும் இடம் அகலமாகவும் வழவழப்பாகவும் இருக்கட்டும். உயரம் ஒத்த மாடுகளையே ஜோடி சேர்க்க வேண்டும். இல்லையேல் கழுத்து புண்ணாகும். அச்சுக்கு முறையாக மசகு இட வேண்டும். லாடம் தேயும் முன்பே மாற்ற வேண்டும்.

வண்டி அவிழ்த்தவுடன் கழுத்தைத் தடவிப் பார்ப்பது நல்ல பழக்கம். வீக்கமோ சூடோ தெரிந்தால் வேலையை நிறுத்திவிட்டு, புண்ணாகும் முன்பே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு நாள் ஓய்வு, பின்னர் இரண்டு மாத நஷ்டத்தைத் தவிர்க்கும்.