திருப்பாவை ஓதுதலில் இருதலைமுறைக் குரல்

திருவில்லிப்புத்தூர் ஆண்டாளின் திருப்பாவையைச் சிறுமியர் பாட்டாக மட்டும் கொள்வது பொருந்தாது. 6 முதல் 15 வரையுள்ள பாசுரங்கள் தோழியரைத் துயிலெழுப்புவன. 26ஆம் பாசுரமோ நோன்பை முன்னோர் வழக்காகச் சுட்டி, சங்கு, பறை முதலியவற்றோடு பல்லாண்டு பாடுவோரையும் வேண்டுகிறது. திருப்பல்லாண்டு பாடியவர் ஆண்டாளின் தந்தை பெரியாழ்வார் என்பது ஈண்டு நினையத்தக்கது.

இவ்வுறவை வைணவர்தம் ஓதுமுறையும் பேணுகிறது. சந்தை சொல்லுங்கால் மூத்தவர் ஒருமுறை ஓத, இளையோர் இருமுறை ஓதுவர். கோஷ்டியிலோ ஒருவர் அடியெடுக்க அனைவரும் ஒரே குரலாய்த் தொடர்வர். சாற்றுமுறையில் திருப்பாவையின் இறுதி இரு பாசுரங்களையடுத்துப் பல்லாண்டு வருவதால், மகளின் பாட்டைத் தந்தையின் பாட்டு தொடர்கிறது.

எனினும், சிறுமியர் கூற்றாய் அமைந்த இந்நூலைக் கோயில் கோஷ்டிகளில் பெரிதும் ஆடவரே ஓதிவந்தனர். சிறுமியர் பலர்க்கு அது வாய்த்தது வீட்டில்.