நடுக்கடலில் இருக்கும் மகன் போனை எடுக்கவில்லையா? பதறாதீங்க...! கப்பல், எண்ணெய் கிணறுகளில் தகவல் தொடர்பு நடப்பது எப்படி?

திருவாதவூர்,

மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், ஊர் பெரியவர்கள் உடனே குதிரை கதையை சொல்வார்கள். கடல் வழியாக வந்து இறங்கும் குதிரைகளை வாங்கி வரச்சொல்லி பாண்டிய மன்னன் பணத்தை கொடுத்து அனுப்பினான். போனவர் திருப்பெருந்துறையில் கோவில் திருப்பணிக்கு அந்த பணத்தை செலவழித்து விட்டார். "ஆவணி மூலத்தன்று குதிரை வரும்" என்ற தகவல் மட்டும் மதுரைக்கு வந்தது. அரண்மனையே வழி பார்த்து காத்துக்கிடந்தது. கடலில் என்ன நடக்கிறது என்று மதுரையில் இருந்தபடி தெரிந்து கொள்ள அன்றைக்கு வழி கிடையாது.

இன்றைக்கு நிலைமையே வேறு. மதுரை அருப்புக்கோட்டை ரோட்டிலேயே கப்பல் படிப்பு சொல்லித்தரும் கல்லூரி இருக்கிறது. படித்து முடித்து கப்பல் ஏறும் பிள்ளைகள் செங்கடலில் இருந்தபடி வாட்ஸ்-அப்பில் அம்மாவிடம் முகம் பார்த்து பேசுகிறார்கள். அந்த கப்பல் எங்கே போகிறது என்பதை செல்போன் மேப்பிலேயே பார்க்கலாம்.

ஆனால் இந்த வசதி புது பயத்தையும் கூடவே கொண்டு வந்து விட்டது. 2 நாள் பேச்சு இல்லை என்றால் போதும். "ஒத்த டிக்கோட நிக்குதே, புள்ளைக்கு என்னாச்சோ ஏதாச்சோ" என்று வீடே கலங்கிப்போகிறது.

கப்பலிலும், கடலுக்குள் இருக்கும் எண்ணெய் கிணறுகளிலும் தகவல் தொடர்பு எப்படி நடக்கிறது என்பதை தெரிந்து கொண்டால் இந்த பதற்றத்தில் பாதி குறையும். முக்கியமாக ஒன்றை மனதில் வைக்க வேண்டும். வீட்டோடு பேசும் இணைப்பு வேறு, உயிரை காப்பாற்றும் இணைப்பு வேறு. முதலாவது அறுந்து போனாலும் இரண்டாவது தனியாக வேலை செய்து கொண்டே இருக்கும்.

டவர் எவ்வளவு தூரம் எடுக்கும்?

கரையில் இருக்கும் செல்போன் டவரின் சிக்னல் கடலுக்குள் சுமார் 20, 30 கி.மீ. தூரம் வரைதான் எட்டும். அதை தாண்டினால் சாட்டிலைட்தான் ஒரே வழி.

கப்பல்களுக்கு என்றே சாட்டிலைட் சேவை தர, ஐ.நா.வின் சர்வதேச கடல்சார் அமைப்பு எடுத்த முயற்சியால் 1979-ல் உருவானது இன்மார்சாட். 1982-ல் இருந்து சேவை கொடுத்தது. பிறகு தனியார் நிறுவனமாக மாறி, 2023-ல் அமெரிக்காவின் வயாசாட் நிறுவனத்தின் கைக்கு போனது. அந்த காலத்தில் ஒரு நிமிடம் பேச நூற்றுக்கணக்கில் செலவாகும். கேப்டனிடம் அனுமதி வாங்கி, "நல்லா இருக்கேன், வச்சிடுறேன்" என்று சொல்வதற்குள் கட் பண்ண வேண்டியதுதான்.

இப்போது கப்பலின் உச்சியில் வெள்ளை பானையை கவிழ்த்தது போல ஒரு கூடு இருக்கும். உள்ளே இருக்கும் ஆன்டெனா, கப்பல் எப்படி ஆடினாலும் சாட்டிலைட்டை பார்த்தே திரும்பிக்கொள்ளும். அங்கிருந்து வை-பை மூலம் கப்பல் முழுவதும் இன்டர்நெட் கிடைக்கிறது. பழைய வகை சாட்டிலைட்டுகள் சுமார் 36 ஆயிரம் கி.மீ. உயரத்தில் நிற்பவை. அதனால்தான் பேசும்போது பதில் சற்று தாமதமாக வந்து விழும். 2022-ல் கப்பல்களுக்கு வந்த ஸ்டார்லிங்கின் சாட்டிலைட்டுகள் சுமார் 550 கி.மீ. உயரத்தில் சுற்றுபவை. வேகம் அதிகம், தாமதம் குறைவு.

திடீரென்று ஏன் கட் ஆகிறது?

பேச்சு நின்று போக சாதாரண காரணங்களே பல இருக்கின்றன.

பல கப்பல்களில் ஆளுக்கு இவ்வளவு டேட்டா என்று அளவு உண்டு. அது தீர்ந்து விட்டால் அடுத்த மாதம்தான். கப்பல் திசை திரும்பும்போது புகைபோக்கியோ, கிரேனோ ஆன்டெனாவை மறைத்தாலும் லைன் போய்விடும். பலத்த மழையும் சிக்னலை குறைக்கும். என்ஜின் அறையில் டியூட்டி பார்ப்பவருக்கு அங்கே போனை தொடவே நேரம் இருக்காது.

இன்னொரு காரணம் சட்டம். ஒவ்வொரு நாடும் தன் கடல் எல்லைக்குள் எந்த சாட்டிலைட் சேவையை அனுமதிக்கலாம் என்று முடிவு செய்கிறது. இந்தியாவில் கப்பல்களில் இன்டர்நெட் தருவதற்கான விதிகள் 2018-ல்தான் வந்தன. அனுமதி இல்லாத சேவையை எல்லைக்குள் வந்ததும் நிறுத்தியே ஆக வேண்டும். அதனால் நடுக்கடலில் நன்றாக பேசிய பிள்ளை, கரையை நெருங்கும்போது காணாமல் போவதும் நடக்கும்.

ஒரு எச்சரிக்கை: துரையா, இரிடியம் போன்ற சாட்டிலைட் போன்களை அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டு வருவது சட்டவிரோதம். வெளிநாட்டு துறைமுகத்தில் மலிவாக கிடைக்கிறதே என்று ஆசைப்பட்டு வாங்கி வந்தால், விமான நிலையத்திலேயே மாட்டிக்கொள்ள நேரிடும்.

ரிக்கில் இருப்பவர்களுக்கு...

மும்பை கடற்கரையில் இருந்து சுமார் 160 கி.மீ. தூரத்தில் இருக்கிறது 1974-ல் கண்டுபிடிக்கப்பட்ட 'பாம்பே ஹை' எண்ணெய் வயல். இப்போது மும்பை ஹை என்கிறார்கள். ஓ.என்.ஜி.சி.யின் மேடைகளும் ரிக்குகளும் அங்கே நிற்கின்றன. ஆட்கள் ஹெலிகாப்டரில் போய் வருகிறார்கள். 12 மணி நேர ஷிப்ட்.

அங்கே வேலை செய்யும் இடத்துக்கு சாதாரண செல்போனை எடுத்துப்போக முடியாது. எரிவாயு கசிந்து இருந்தால் ஒரு சின்ன தீப்பொறி போதும், எல்லாம் முடிந்து விடும். தீப்பொறி வராத வகையில் செய்யப்பட்ட வாக்கி-டாக்கியைத்தான் பயன்படுத்துவார்கள். சொந்த போன் தங்கும் அறையில்தான் இருக்கும். ஷிப்ட் முடிந்து, சாப்பிட்டு, படுக்கப்போகும்போதுதான் வீட்டு ஞாபகம் போனில் வரும்.

சிவப்பு பட்டன்

இனி உயிர் காக்கும் இணைப்புக்கு வருவோம். 1999 பிப்ரவரி 1-ந் தேதி முதல், சர்வதேச பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு கப்பல்களிலும், எல்லா பயணிகள் கப்பல்களிலும் ஜி.எம்.டி.எஸ்.எஸ். என்ற பாதுகாப்பு ஏற்பாடு கட்டாயம். பழைய 'கட்டுக்கட' தந்தி அதோடு ஓய்வு பெற்றது.

கப்பலை இயக்கும் 'பிரிட்ஜ்' பகுதியில் மூடி போட்ட சிவப்பு பட்டன் ஒன்று இருக்கும். மூடியை திறந்து சில வினாடிகள் அழுத்தினால், கப்பலின் 9 இலக்க அடையாள எண், நிற்கும் இடம், நேரம் எல்லாம் பக்கத்து கப்பல்களுக்கும் கரைக்கும் போய்விடும். வை-பை வேலை செய்கிறதா, டேட்டா இருக்கிறதா என்ற கேள்வியே இதில் இல்லை. மின்சாரம் போனாலும் தனி பேட்டரியில் ஓடும்.

பட்டனை அழுத்தக்கூட ஆள் இல்லாமல் கப்பல் மூழ்கினால்? அதற்கும் வழி உண்டு. இபெர்ப் என்ற மிதவை கருவி கப்பலின் மேல்தளத்தில் மாட்டப்பட்டு இருக்கும். சில மீட்டர் ஆழம் தண்ணீருக்குள் போனதும் தானாகவே கழன்று மேலே மிதந்து வந்து, 2 நாட்கள் வரை சாட்டிலைட்டுக்கு அபய குரல் கொடுக்கும். இந்தியாவில் இந்த சிக்னலை பெங்களூருவில் உள்ள இஸ்ரோ மையம் வாங்கி, கடலோர காவல்படைக்கு சொல்லும். சென்னையிலும் மும்பையிலும் கடலோர காவல்படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையங்கள் 24 மணி நேரமும் இயங்குகின்றன.

புயல் தகவல்களுக்கு நாவ்டெக்ஸ் என்ற வானொலி செய்தி சேவை இருக்கிறது. கரையில் இருந்து பல நூறு கி.மீ. வரை எட்டும். நம் தமிழ்நாட்டில் முட்டம், பரங்கிப்பேட்டை ஆகிய இடங்களில் இதற்கான நிலையங்கள் உள்ளன. அலை எவ்வளவு உயரம் எழும் என்ற கணிப்பை ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசு மையம் தருகிறது.

தகவல் வந்தால் மட்டும் போதுமா?

போதாது என்பதை 2021-ல் நாடே பார்த்தது. டவ்தே புயல் வருகிறது என்று சில நாட்கள் முன்பே வானிலை மையம் எச்சரித்து இருந்தது. ஆனாலும் மும்பை ஹை பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த பி-305 என்ற மிதவை கப்பல், கடலிலேயே நங்கூரம் போட்டு நின்றது. புயலில் நங்கூரம் அறுந்து, மே 17-ந் தேதி மூழ்கியது. அதில் இருந்தவர்கள் 261 பேர். கடற்படையும் கடலோர காவல்படையும் இரவு பகலாக போராடி 180-க்கும் மேற்பட்டோரை மீட்டன. 70-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தகவல் சரியாகத்தான் வந்தது. அதை கேட்டு நேரத்தோடு கரை திரும்ப முடிவு எடுப்பது மனிதன் கையில் இருக்கிறது. வேலைக்கு சேரும்போதே, "புயல் வந்தா எங்களை எப்ப இறக்குவீங்க?" என்று கேட்டு வைப்பதில் தப்பே இல்லை.

மேப்பில் புள்ளி மறைந்தால்...

கப்பலில் உள்ள ஏ.ஐ.எஸ். என்ற கருவி தன் பெயரையும் இடத்தையும் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். அதைத்தான் செல்போன் மேப் காட்டுகிறது. கரையில் உள்ள ஆன்டெனாவுக்கு எட்டாத தூரம் போனால், இலவச மேப்பில் புள்ளி நின்று விடும். தாக்குதல் அபாயம் உள்ள பகுதியில் கேப்டனே அதை அணைத்து வைக்க விதியில் இடம் உண்டு. 2023 நவம்பருக்கு பிறகு செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது பல கப்பல்கள் அப்படித்தான் போயின. புள்ளி மறைந்தது என்பதற்காக கப்பல் மறைந்து விட்டது என்று அர்த்தம் இல்லை.

பேசுவது இப்போது உரிமை

கப்பல் தொழிலாளர்களுக்கான சர்வதேச ஒப்பந்தத்தை இந்தியா 2015-ல் ஏற்றது. அதில் செய்யப்பட்ட திருத்தம் 2024 டிசம்பர் 23-ந் தேதி அமலுக்கு வந்தது. அதன்படி, முடிந்த வரை கப்பலில் இன்டர்நெட் வசதி தர வேண்டும். கட்டணம் வாங்கினால் அது நியாயமாக இருக்க வேண்டும். ஆனால் இது கப்பல்களுக்கான விதி. கடலில் ஊன்றி நிற்கும் எண்ணெய் மேடைகளுக்கு பொருந்தாது. அங்கே கம்பெனியின் ஏற்பாடுதான்.

வீட்டில் எழுதி வையுங்க

பிள்ளை பெட்டி கட்டும்போதே இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

* கப்பலின் பெயர், 7 இலக்க ஐ.எம்.ஓ. எண். பெயரும் கொடியும் மாறினாலும் இந்த எண் மாறாது.

* வேலைக்கு அனுப்பிய ஏஜென்சியின் பெயர், கப்பல் துறை தலைமை இயக்குனரகம் கொடுத்த லைசென்ஸ் எண், அவசர போன் நம்பர். லைசென்ஸ் இல்லாத ஏஜென்ட் என்றால் பிரச்சினை வரும்போது பதில் சொல்ல ஆள் இருக்காது.

* பாஸ்போர்ட், சி.டி.சி. புத்தகம், வேலை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்.

* ரிக் வேலை என்றால் ரிக்கின் பெயர், காண்டிராக்ட் எடுத்த கம்பெனி, கரையில் உள்ள அதன் அலுவலக நம்பர்.

* கம்பெனி கோப்பில் வீட்டின் இப்போதைய போன் நம்பர் இருக்கிறதா என்பது. சிம் மாற்றினால் அங்கேயும் மாற்ற சொல்ல வேண்டும்.

பேச்சு நின்றால் முதலில் ஏஜென்சியை கேட்க வேண்டும். கப்பல் நிறுவனம் கேப்டனுடன் தினமும் தொடர்பில் இருக்கும். அங்கே பதில் இல்லை என்றால் மும்பையில் உள்ள கப்பல் துறை தலைமை இயக்குனரகத்தின் தகவல் தொடர்பு மையத்தை அணுகலாம். நம் கடல் பகுதியில் ஆபத்து என்று உறுதியாக தெரிந்தால் கடலோர காவல்படையின் 1554 என்ற இலவச எண் இருக்கிறது.

"உங்க பையன் கப்பல்ல அடிபட்டுட்டான், உடனே பணம் அனுப்புங்க" என்று தெரியாத நம்பரில் இருந்து யாராவது பேசினால், போனை வைத்து விட்டு ஏஜென்சிக்கு போடுங்க. நோட்டில் நம்பர் இருந்தால் 5 நிமிடத்தில் உண்மை தெரிந்து விடும்.