கோமாரியும் மாட்டின் நாக்குத் தோலும்

கோமாரி கண்ட மாடு வாயில் நுரை தள்ளி நிற்பதையும், அதன் நாக்குத் தோல் உரிந்து தொங்குவதையும் குடியானவர்கள் கண்டிருப்பார்கள். அத்தனை முரட்டுத் தோல் ஓரிரு நாளில் கழன்றுபோவது எவ்வாறென அறிந்தால், சிகிச்சை முறையும் விளங்கும்.

நாக்கு, உதடு, குளம்பின் இடுக்கு, மடிக்காம்பு இவற்றை மூடியிருப்பது பல அடுக்குகளாலாகிய மேல்தோல். அடியில் ஒரே வரிசையாக நிற்கும் உயிரணுக்கள் ஓயாமற் பெருகுகின்றன. அவற்றிற் பிறந்தவை மேலே தள்ளப்பட்டு, தட்டையாகி, கொம்புப் பொருள் நிறைந்து, உயிரற்று, செதிலாக உதிர்கின்றன. கூரைக்குப் புது ஓலையை மேலே வேய்கிறோம். இங்கோ புதியது கீழிருந்து வருகிறது. இவ்வடுக்குகளில் ரத்தக் குழாய் கிடையாது. அடியிலுள்ள திசுவிலிருந்து கசியும் சாரமே அவற்றிற்கு ஆகாரம். ஆகையால் ராகித்தாளின் முனை மேலாகக் கீறினாலும் ரத்தம் வருவதில்லை. அசைபோடும் மாட்டின் முதல் இரைப்பைக்கும் உட்புறத்தில் இத்தகைய தோலே காவல்.

கோமாரி வைரஸ் இத்தோலின் நடு அடுக்கிற் பெருகுகிறது. அங்குள்ள அணுக்கள் வீங்கிச் சிதைய, நீர் கோத்துக் கொப்புளமாகி, மேலடுக்குகள் மொத்தமாகத் தூக்கப்படுகின்றன. அடிவரிசை பெரும்பாலும் பிழைத்திருக்கும். நாக்குப் புண் விரைவில் ஆறுவது அதனாலேயே. உப்பைத் தேய்த்துச் சுரண்டுவது அவ்வரிசையையும் அழிப்பதாகும். இளஞ்சிவப்பாகக் கரைத்த பெர்மாங்கனேட் நீரால் வாயையும் காலையும் கழுவி, போரிக் பொடி கலந்த கிளிசரினை நாக்கில் தடவி, ஆறிய ராகிக் கூழ் கொடுப்பதே நலம். குளம்புப் புண் ஆறத் தாமதமாகும். சேற்றில் நிறுத்தினால் ஈ மொய்த்துப் புழு வைக்கும். அம்மாட்டை ஏரிற் பூட்டலாகாது.

ஓசூரையடுத்த ஜூஜுவாடி கர்நாடக எல்லையிலுள்ளது. நோய்க்கு எல்லைக்கோடு தெரியாது. 2019ல் மத்திய சர்க்கார் தொடங்கிய திட்டப்படி ஆறு மாதத்திற்கொருமுறை இலவசமாகத் தடுப்பூசி போடப்படுகிறது. நான்கு மாதக் கன்று முதல் போடலாம். ஒரு மாடு நுரை தள்ளினாலும் கிராம அதிகாரிகள் அன்றே கால்நடை மருந்தகத்திற்குத் தெரிவித்து, அவ்வூர் மாடுகள் சந்தைக்குப் போகாமல் தடுக்க வேண்டும். தொழுவத்தை நூறு பங்கு நீருக்கு நான்கு பங்கு சலவைச் சோடா கரைத்துக் கழுவலாம்.

பெரிய மாடு பெரும்பாலும் பிழைக்கும். கன்றுக்கோ இவ்வைரஸ் இதயத்தைத் தாக்கும். வாயில் ஒரு கொப்புளமும் தோன்றாமலே திடீரென விழுந்து இறப்பதுண்டு. நோயுற்ற தாயிடம் அதை ஊட்டவிடாது பிரித்து, காய்ச்சி ஆற்றிய பாலையே கொடுக்க வேண்டும்.